குரோம் தண்ணீருக்கு மெஷின் வாங்கப் போகிறீர்களா? ஒரு காந்தம் எடுத்துப் போங்கள்

கேள்வி: கோவையில் சின்ன நிக்கல்-குரோம் பிளேட்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். பிளேட்டிங் செய்த பொருளைக் கழுவிய ரின்ஸ் தண்ணீர் தினம் 1,000 லிட்டர் வருகிறது. தகடு வைத்த மெஷினில் கரண்ட் விட்டால் பத்தே நிமிஷத்தில் சுத்தமாகிவிடும் என்கிறார் டீலர். நம்பலாமா?

முறையை நம்பலாம், பத்து நிமிஷத்தை நம்ப வேண்டாம். கரண்ட் பாய்ந்ததும் இரும்புத் தகடு கரையும். கரைந்த இரும்புதான் மஞ்சளாக இருக்கிற ஹெக்சா குரோமை விஷம் குறைந்த பச்சைக் குரோமாக மாற்றி, அதையும் இழுத்துக்கொண்டு சேறாக அடியில் உட்காரும். ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு கிராம் இரும்புதான் கரையும். லிட்டருக்கு 50 மில்லிகிராம் குரோம் இருந்தால் உங்கள் 1,000 லிட்டருக்குக் கிட்டத்தட்ட 160 கிராம் இரும்பு வேண்டும், அதாவது ஒரே ஜோடித் தகட்டில் 100 ஆம்பியர் விட்டாலும் ஒன்றரை மணி நேரம்.

இங்கேதான் ஏமாற்று நடக்கிறது. அலுமினியத் தகடு போட்டுத் தருகிறார்கள். சாயத் தண்ணீரை ஊற்றி டெமோ காட்டினால் பளிச்சென்று தெளியும், ஆனால் கரைந்த அலுமினியம் ஹெக்சா குரோமை மாற்றாது. காந்தத்தைத் தகட்டில் வைத்துப் பாருங்கள், ஒட்டவில்லை என்றால் வந்துவிடுங்கள். ஒட்டினால் உங்கள் டிரம் தண்ணீரையே ஓட்டச் சொல்லி, நீங்களே ஒரு லேபில் கொடுத்துப் பாருங்கள். லிட்டருக்கு ஹெக்சா குரோம் 0.1, நிக்கல் 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நிக்கல் சேறாக இறங்க பிஎச் 9.5 பக்கம் வர வேண்டும், அதற்குக் காஸ்டிக் சோடா தனிச் செலவு, அதை டீலர் சொல்லமாட்டார்.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாடாதீர்கள். குரோமுக்கு அடியில் சயனைடு காப்பர் போடுகிறீர்களா? அந்த ரின்ஸ் தண்ணீர் இந்த மெஷினுக்குள் வரவே கூடாது. சயனைடு உலோகத்தைப் பிடித்து வைத்திருப்பதால் அது சேறாக இறங்காது. அது போகட்டும், குரோம் தொட்டியின் அமிலத் தண்ணீரோடு கலந்தால் வரும் வாயு ஆளைக் கொல்லும். தனி டிரம், தனிக் குழாய், காரம் சேர்த்து பிஎச் 10-க்கு மேல் வைத்துக்கொண்டு ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) விட்டு சயனைடை உடைத்த பிறகுதான் மற்றதெல்லாம். சின்னப் பட்டறைக்காரருக்கு இதை உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க யாரும் வருவதில்லை, நோட்டீஸ் கொடுக்க மட்டும் வருகிறார்கள் என்பதுதான் என் ஆத்திரம்.

அப்புறம் சேறு. அபாயக் கழிவு அது, 90 நாளுக்கு மேல் பட்டறையில் வைக்கக் கூடாது. கும்மிடிப்பூண்டியில் இருக்கிற மாதிரி, அனுமதி உள்ள அபாயக் கழிவு மையத்துக்குத்தான் போக வேண்டும். மூட்டைக்கு இவ்வளவு என்று சல்லிசாகப் பேசி ராத்திரி டெம்போவில் ஏற்றிப் போகிறவரிடம் கொடுத்துவிடாதீர்கள், அது ஏதாவது குளத்தங்கரையில் கிடந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.