ஜீவனியைக் கெட்டியாகக் கரைத்தால் என்ன பிழை?

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது. இரண்டு நாளாக வயிற்றோட்டம், நேற்றிரவு சத்தியும் எடுத்தான். ஆஸ்பத்திரியில் தந்த ஜீவனியை (வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு, குளுக்கோஸ் தூள்) கொஞ்சம்தான் குடிக்கிறான். அதனால் ஒரு லீற்றருக்கான பக்கெற்றை ஒரு கோப்பைத் தண்ணீரிலேயே கெட்டியாகக் கரைத்துக் கொடுத்தேன். அதன் பிறகு இன்னும் தண்ணீராகப் போகிறது. தாகம் தாகம் என்று அழுகிறான். கொதித்தாறிய தண்ணீரே போதும் என்கிறார் மாமி. கணவர் சோடாப் போத்தலோடு வந்து நிற்கிறார். யார் சொல்வது சரி?
- ஒரு தாய், விசுவமடு

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதம் கிடைத்ததுமே, அந்தக் கரைசலை ஊற்றிவிட்டுப் பிள்ளையை உடனே ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லியிருந்தேன். இப்போது முற்றத்தில் ஓடித் திரிகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள், சந்தோசம். ஆனால் இந்தப் பிழையை விடுவது நீங்கள் மட்டுமில்லை. 'மருந்துதானே, கெட்டியாகக் கொடுத்தால் கெதியாகக் கேட்கும்' என்று நினைக்கிறவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் கலமென்சவ்வு, பிரசாரணம் என்று படித்திருப்பீர்கள். உருளைக்கிழங்கைக் குடைந்து சீனி போட்டு வைத்த பரிசோதனையும் ஞாபகம் இருக்கும். அது மறந்திருந்தால் மாங்காய் ஊறுகாயை நினையுங்கள். வெட்டிய துண்டுகளில் உப்பைப் பிசறி வைத்தால், ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமலே காலையில் சட்டியின் அடியில் தண்ணீர் நிற்கும். உப்பு வெளியே கூடுதலாக இருந்ததால் மாங்காயின் கலங்களுக்குள் இருந்த தண்ணீர் சவ்வைத் தாண்டி வெளியே வந்துவிட்டது; பிரசாரணம் என்பது இதுதான். உங்கள் கெட்டிக் கரைசலும் மகனின் குடலில் இதைத்தான் செய்தது.

கலத்தைச் சுற்றியுள்ள அந்தச் சவ்வு கொழுப்பாலான இரட்டைப் படலம். தடிப்பு தலைமயிரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். ஒட்சிசன் போன்றவை அதற்குள்ளால் தாராளமாகப் போய்வரும். உப்பும் சீனியும் அப்படிப் போக முடியாது; அவற்றுக்குப் புரதத்தாலான வாசல்கள் வேண்டும். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் கட்டைத் தாண்டி வயலுக்குப் போகத் துருசு (மதகு) இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குடல் கலங்களில் ஒரு விசேஷமான வாசல் இருக்கிறது. இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் அது உள்ளே விடும். கலத்தின் மறுபக்கத்தில் ஒரு 'பம்பி' ஓயாமல் வேலை செய்கிறது. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. அதனால் கலத்துக்குள் சோடியம் எப்போதும் குறைவு. குறைவான இடத்துக்குச் சோடியம் ஓடிவரும்போது குளுக்கோஸையும் கையைப் பிடித்து இழுத்து வருகிறது. இரண்டும் உள்ளே போனால் தண்ணீர் தானாகப் பின்னால் போகும்.

வயிற்றோட்டத்தில் நடப்பது என்ன? சில கிருமிகளின் நஞ்சு, கொலரா நல்ல உதாரணம், குளோரைட்டை வெளியே விடும் வேறொரு வாசலைத் திறந்துவிடுகிறது. சோடியமும் தண்ணீரும் அதன் பின்னால் கொட்டுகின்றன. ஆனால் சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து போகும் வாசலை அந்த நஞ்சு தொடுவதில்லை. ஜீவனி பிடிப்பது அந்த வாசலைத்தான். 1971இல் பங்களாதேஷ் போரின்போது இந்திய எல்லையிலுள்ள பொங்கான் அகதி முகாமில் கொலரா பரவியது. நாளத்தில் ஏற்றும் சேலைன் தீர்ந்துவர, வைத்தியர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைத்த தண்ணீரை உறவினர்களைக் கொண்டே பருக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த இறப்பு நாலுக்கும் கீழே இறங்கியது. முகாம் என்றால் என்னவென்று வன்னியில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இனி அளவுக்கு வருவோம். ஒரு லீற்றரில் உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், அதோடு கொஞ்சம் பொட்டாசியமும் சித்திரேற்றும். சரியாகக் கரைத்தால் அதன் செறிவு, அதாவது கரைந்திருக்கும் துணிக்கைகளின் அளவு, லீற்றருக்கு 245 மில்லியொஸ்மோல், இரத்தத்தை விடச் சற்று ஐது. முன்பு 311 ஆக இருந்ததை உலக சுகாதார அமைப்பு 2002இல் இந்த அளவுக்குக் குறைத்தது. அதே பக்கெற்றைக் கால் லீற்றரில் கரைத்தால் ஆயிரத்தைத் தொடும். உடம்புக்குள் போக வேண்டிய தண்ணீர் குடலுக்குள் இழுபடும், இரத்தத்தில் சோடியம் ஏறும். மகன் தாகம் என்று அழுததும் அதனால்தான். இன்னும் ஏறினால் வலிப்புக்கூட வரலாம்.

மாமி சொன்னது பாதி சரி. ஆனால் வெறும் தண்ணீரை மட்டும் நிறையக் கொடுத்தால் இழந்த உப்பு திரும்பாது. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். கஞ்சியின் மாப்பொருள் மெதுவாகக் குளுக்கோஸாக உடைவதால் தண்ணீரை வெளியே இழுக்காது. சோடாவில் சாதாரணமாக லீற்றருக்கு 100 கிராம் அளவில் சீனி இருக்கும், உப்பு இல்லையென்றே சொல்லலாம். மாங்காயில் உப்புக்குப் பதில் சீனியைப் போட்டாலும் தண்ணீர் வடியத்தான் செய்யும். அந்தப் போத்தலை உங்கள் கணவரே குடிக்கட்டும்.

குறையக் குடிக்கிற பிள்ளைக்குக் கெட்டியாக்குவது வழியில்லை, சிறுகச் சிறுகக் கொடுப்பதுதான் வழி. ஒவ்வொரு தடவை போன பிறகும் 100 முதல் 200 மில்லிலீற்றர், கரண்டி கரண்டியாக. சத்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடங்குங்கள். பக்கெற் கையில் இல்லாவிட்டால் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீருக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. கத்தியின் முதுகால் வழித்துவிட்டு அளவுங்கள், குவித்து அள்ள வேண்டாம். சாப்பாட்டை நிறுத்த வேண்டாம். நாகக் (சிங்க்) குளிசை தந்திருந்தால் வயிற்றோட்டம் நின்ற பிறகும் சொன்ன நாள்வரை கொடுங்கள்.

பிள்ளை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தால், கண் குழிந்தால், ஆறு மணித்தியாலமாகச் சலம் போகாவிட்டால், மலத்தில் இரத்தம் கண்டால், குடிக்க மறுத்தால், வலிப்பு வந்தால் ஜீவனியோடு வீட்டில் இருக்காதீர்கள். இரவு என்றாலும் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வழியிலும் கரண்டியை நிறுத்த வேண்டாம். கரைத்து 24 மணித்தியாலம் தாண்டிய மிச்சத்தை ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.