கடிதத்தில் ஒரு பெயரைக் காணோம்

கேள்வி: என் மூத்த பெண்ணுக்கு நாலேகால் வயது. எல்.கே.ஜி. போகிறாள். மூன்று மாதத்துக்கு முன்பு தம்பி பிறந்தான். அவன் வயிற்றில் இருந்தபோது தினமும் என் வயிற்றில் வாயை வைத்து அவனோடு பேசுவாள். இப்போது கிட்டவே வருவதில்லை. துணி எடுத்து வா என்றால் வீசி எறிகிறாள். நின்றுபோயிருந்த படுக்கையை நனைக்கும் பழக்கம் திரும்ப வந்துவிட்டது. "பாப்பாவ எப்ப ஆஸ்பத்திரில திருப்பிக் குடுப்பீங்க?" என்று கேட்கிறாள். பொறுப்பு வரட்டும் என்று வீட்டில் எல்லாரும் இப்போது அவளை "அக்கா" என்றுதான் கூப்பிடுகிறோம். அப்படியும் மாறவில்லை. போன வாரம் திருக்கருகாவூர் போய், வேண்டுதலை முடித்துக் குழந்தையைத் தங்கத் தொட்டிலில் போட்டு வந்தோம். காரில் இடம் போதாமல் இவளைப் பக்கத்து வீட்டில் விட்டுப் போயிருந்தோம். அன்று ராத்திரி அவன் தொடை கன்றிப்போகும்படி கிள்ளிவிட்டாள். என் அத்தை ஆறு பேரில் மூத்தவர். "அஞ்சு பேர இடுப்புல தூக்கி வளத்தவ நான், இதுக்கு இந்த வயசுலயே பொறாமையா?" என்கிறார். அக்காவுக்கும் தம்பிக்கும் பாசம் வர நான் என்ன செய்ய வேண்டும்?

பெயர் வேண்டாம், திருத்துறைப்பூண்டி அருகில்.

பதில்:

அம்மாடி, உன் கடிதம் நோட்டுத்தாளில் நாலு பக்கம். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். முதல் தடவை சும்மா படித்தேன். இரண்டாம் தடவை பென்சிலும் கையுமாகப் படித்தேன். பையனுக்கு வைத்த பெயர், அது யாருடைய தாத்தா பெயர், நட்சத்திரத்துக்கு என்ன எழுத்து வந்தது, வீட்டில் கூப்பிட என்ன செல்லப்பெயர், எல்லாம் எழுதியிருக்கிறாய். அவன் பெயர் ஒன்பது இடத்தில் வருகிறது. உன் மகள் "பெரியவள்", "மூத்தவள்", "அக்கா", "இவள்". மூன்றாம் பக்கத்தில் ஓரிடத்தில் "இது". அவள் பெயரை நாலு பக்கத்திலும் காணோம்.

உன் பெயர் வேண்டாம் என்றாய், சரி. அவள் பெயரை யார் வேண்டாம் என்றது?

இந்தக் கேள்வி எனக்கு வருடத்துக்குப் பத்துத் தடவையாவது வருகிறது. "எல்லா வீட்டிலும் நடப்பதுதான், போகப் போகச் சரியாகிவிடும்" என்று எழுதுவேன் என்று நீ எதிர்பார்த்திருப்பாய். எழுத மாட்டேன். எல்லா வீட்டிலும் நடப்பது உண்மை. போகப் போகச் சத்தம் அடங்குவதும் உண்மை. சத்தம் அடங்கினால் சரியாகிவிட்டது என்று அர்த்தமா? கிள்ளுவதை நிறுத்திவிட்டுச் சொன்ன வேலையைச் செய்யத் தொடங்கிவிட்டால் உங்கள் வீட்டில் எல்லாரும் நிம்மதியாகிவிடுவீர்கள். அந்தப் பெண் மட்டும் ஆக மாட்டாள்.

நீ போகிற போக்கில் எழுதிய வரிக்கு வருகிறேன். "பொறுப்பு வரட்டும் என்று எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறோம்." இதைத் தீர்வு மாதிரி எழுதியிருக்கிறாய். நோயே அதுதான். நாலு வருடமாக ஒரு பெயருக்குத் திரும்பிப் பார்த்தவள் அவள். சோறு ஊட்டினால் அந்தப் பெயர், அடித்தாலும் அந்தப் பெயர், தூக்கத்தில் எழுப்பினாலும் அந்தப் பெயர். ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு துணி மூட்டை வந்தது. அன்றோடு அந்தப் பெயர் வீட்டை விட்டுப் போய்விட்டது. "எப்ப திருப்பிக் குடுப்பீங்க" என்று அவள் கேட்பதை நீங்கள் எல்லாரும் குறும்பு என்று சிரித்ததாக எழுதியிருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. மூட்டை போனால் பெயர் வரும்.

நம் வீடுகளில் இது வழக்கம்தான், தெரியும். பிள்ளை பிறந்தால் வீடே அந்தப் பிள்ளையின் வாயால் பேசத் தொடங்கும். மாமியாரை "அப்பாயி" என்போம், கட்டியவனே மனைவியை "அம்மா எங்கடா" என்று கேட்பான். பெரியவர்கள் நாம் தாங்கிக்கொள்வோம். நமக்கு ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறது, பாங்கிப் புத்தகத்தில் இருக்கிறது. நாலு வயதுக்கு வீட்டைத் தவிர வேறு எங்கே இருக்கிறது?

பிறப்புச் சான்றிதழ் விஷயம் உனக்குத் தெரிந்திருக்கும். பிறந்த 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும், ஆனால் பெயர் சேர்க்க 12 மாதம் வரை கட்டணமே கிடையாது. அதற்கு மேலும் தாமதக் கட்டணம் கட்டி 15 வருடம் வரை சேர்க்கலாம். ஒரு பிள்ளைக்குப் பெயர் நிதானமாக வரட்டும், ஆனால் வராமல் போய்விடக்கூடாது என்று சர்க்காரே அவ்வளவு காத்திருக்கிறது. நீங்கள் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டீர்கள்.

கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன். காரணம் உண்டு. கும்பகோணத்துப் பக்கம் நாங்கள் ஐந்து பேர். நான் மூத்தவள். என் அப்பாவே கொல்லையிலிருந்து "அக்கா எங்க, தண்ணி எடுத்தாரச் சொல்லு" என்பார். பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் எனக்குப் பெயர் இருந்தது. டீச்சர் கூப்பிட்டு "உள்ளேன்" சொல்வதற்காகவே காய்ச்சலோடு போன நாள் உண்டு. தம்பி தங்கைகளிடம் எனக்குப் பாசம் இல்லையா? உயிரையே கொடுப்பேன். ஆனால் அந்தப் பாசம் எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் வந்தது. அதற்கு முன்னால் இருந்தது பயம். ஒன்று விழுந்து அழுதால் எனக்கு அடி விழும் என்கிற பயம். வெளியிலிருந்து பார்த்தவர்கள் அதைத்தான் பாசம் என்றார்கள். உன் அத்தை சொல்கிற இடுப்புக் கதையிலும் அது இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம்.

"அக்கா" நல்ல சொல். ஆனால் அதைச் சொல்ல உரிமை உள்ளவன் உங்கள் வீட்டில் ஒருத்தன்தான். அவனுக்கு இன்னும் கழுத்தே நிற்கவில்லை. ஒரு வயதை ஒட்டி "க்கா" என்று ஏதாவது கத்துவான். அது வரைக்கும் யாரும் அந்தச் சொல்லைத் தொட வேண்டாம். நீ, உன் வீட்டுக்காரர், அத்தை, பக்கத்து வீடு, எல்லாருக்கும்தான் சொல்கிறேன். முதன்முதலாக அவன் வாயிலிருந்து அது அவள் காதில் விழும் நாளை நீங்கள் ஆளுக்கொரு வாயாகத் தின்றுகொண்டிருக்கிறீர்கள்.

இன்னொன்று. உறவு முறை என்று பேசினால் முழுதாகப் பேச வேண்டும். நம் முறையில் கடன்பட்டவன் யார்? தம்பி. நாளைக்கு அவள் பிள்ளைக்குக் காது குத்தும்போது இவன் மடியில்தான் உட்கார வைப்பார்கள். சீர் சுமந்து வர வேண்டியவன் தாய்மாமன். அவன் காலத்துக்கும் அவளுக்குச் செய்ய வேண்டியவன். அந்தக் கணக்கைத் தலைகீழாகப் புரட்டி, மூன்று மாதத்துப் பயலுக்கு நாலு வயதுப் பெண்ணை வேலைக்கு வைத்திருக்கிறீர்கள். "துணி எடுத்து வா." அவள் வீசி எறிந்தாள். நானாக இருந்தாலும் எறிந்திருப்பேன். ஒரு பிள்ளையை வளர்க்க இன்னொரு பிள்ளையை ஆளாக வைக்கக் கூடாது. ஏழை வீட்டில் வேறு வழியில்லாமல் நடக்கும், அதைக் குறை சொல்ல மாட்டேன். கார் வைத்திருக்கிற வீட்டில் என்ன வந்தது?

கார் என்றதும் ஞாபகம் வருகிறது. திருக்கருகாவூரில் நீ வேண்டிக்கொண்டது நல்லபடியாகப் பிள்ளை பெற வேண்டும் என்று. கர்ப்பரட்சாம்பிகை காத்த முதல் கர்ப்பம் இந்தப் பெண். பெயர் போனவளுக்குக் காரில் இடமும் போய்விட்டது. யார் மடியிலாவது உட்கார்ந்து வந்திருப்பாள். அன்று ராத்திரி கிள்ளினாள் என்று ஆச்சரியப்படுகிறாயே.

நீ கடைமடைக்காரி. உனக்குத் தண்ணீர்க் கணக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேட்டூரில் ஜூன் 12 திறந்தால் மூன்று நாலு நாளில் கல்லணைக்கு வந்துவிடும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, தலைமடைக்காரன் நாற்று விட்ட பிறகும் உங்கள் ஊரில் வாய்க்காலை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். அப்போது உங்களிடம் ஒருத்தர் வந்து "மேலே இருப்பவனிடம் பாசமாக இரு" என்றால் என்ன சொல்வீர்கள்? வாயில் வராததெல்லாம் வரும். முறை வைத்துத் தண்ணீர் விட்டால் மட்டும் பேசாமல் காத்திருப்பீர்கள். குறைந்த தண்ணீர்தான், ஆனால் நம் நாள் வரும் என்று தெரியும்.

அவளுக்கு முறை வை. பிள்ளை தூங்கின பிறகு, பாத்திரம் கழுவின பிறகு, உடம்பு அசந்து விழுகிற நேரத்தில் கிடைக்கும் மிச்சம் முறை ஆகாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அரை மணி நேரம். பிள்ளையை அத்தையிடமோ அப்பாவிடமோ கொடுத்துவிட்டு நீ அவளோடு திண்ணைக்குப் போ. தலை பின்னிவிடு, கதை சொல், ஒன்றும் செய்யாமலும் உட்காரலாம். அந்த நேரத்தில் உள்ளே அவன் அழுதால் நீ எழுந்திருக்கக் கூடாது. பால் கொடுத்துவிட்டு வந்திருந்தால் அரை மணி நேரம் ஒன்றும் ஆகாது. அவன் அழுதும் அம்மா எழுந்திருக்கவில்லை என்பதை அவள் ஒரு தடவை பார்க்க வேண்டும். அவளுக்குக் கொடுக்க இதைவிடப் பெரிய சாமான் உன்னிடம் இல்லை.

உன் வீட்டுக்காரர் "பொம்பளப் புள்ள, தானா பொறுப்பு வந்துரும்" என்றாராம். அவருக்கு முப்பத்திரண்டு வயது என்று எழுதியிருக்கிறாய். அவருக்கு வந்துவிட்டதா என்று கேள். வயல் வேலை இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ராத்திரி வீட்டுக்கு வந்த பிறகு மூத்திரத் துணியை மாற்ற வயலா தடுக்கிறது?

படுக்கையை நனைப்பதை விட்டுவிடு. வேண்டுமென்று செய்வதில்லை. தம்பி தங்கை பிறந்த பிள்ளைகளுக்கு இப்படித் திரும்புவது சகஜம், திட்டினால் நீளும். பேசாமல் துணியை மாற்று, அத்தை அதைப் பக்கத்து வீட்டில் சொல்லாமல் பார்த்துக்கொள். எரிச்சல், காய்ச்சல் இருந்தாலோ, வழக்கத்தை மீறித் தண்ணீர் தாகம் எடுத்தாலோ டாக்டரிடம் காட்டு.

கிள்ளினால் கையைப் பிடி. "அவனுக்கு வலிக்கும், நான் விட மாட்டேன்" என்று சொல், பெயர் சொல்லிச் சொல். "அக்கா இப்படிப் பண்ணலாமா" என்ற வாக்கியம் இனி உங்கள் வீட்டில் கேட்கக் கூடாது. இரண்டு பேரையும் தனியாக விட்டுவிட்டுக் கொல்லைக்குப் போகாதே. அவள் கெட்டவள் என்பதற்காகச் சொல்லவில்லை. நாலு வயதுக் கைக்கு எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு வலிக்கும் என்று தெரியாது.

நான் அச்சில் விட்டுவிட்ட ஒரு வரியை இங்கே சொல்ல வேண்டும். அத்தை பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது மட்டும் இவள் நிலைப்படியில் வந்து நின்று பார்க்கிறாள், கூப்பிட்டால் ஓடிவிடுகிறாள் என்று எழுதியிருக்கிறாய். கூப்பிடாதே. (அத்தையிடம் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட வேண்டாம் என்று மட்டும் சொல். சாம்பிராணிப் புகையும் வேண்டாம். குழந்தை டாக்டர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள்.) துண்டை எடுத்து வா என்று அவளை வேலை ஏவாதே. நிலைப்படியில் நிற்கட்டும். இன்று நிலைப்படி, இரண்டு வாரத்தில் முற்றம், ஒருநாள் தானாகக் குந்துவாள். பிறந்த புதிதில் பிள்ளைக்கு ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரத்துக்குத்தான் கண் சரியாகத் தெரியும். இப்போது மூன்று மாதம் ஆகிவிட்டது, நிலைப்படி வரை பார்ப்பான். அவள் குரல் அவனுக்குப் புதிதும் இல்லை. கடைசி மாதங்களில் வயிற்றுப் பிள்ளைக்குக் காது கேட்கும், உன் வயிற்றில் வாயை வைத்துப் பேசியவள் அவள்தானே. அவள் பேசினால் திரும்புவான், சிரிப்பான். அந்தச் சிரிப்பை அவள் பார்க்கும்போது நீங்கள் யாரும் "பாத்தியா, அக்காவப் பாத்துச் சிரிக்கிறான்" என்று நடுவில் விழாதீர்கள். வாயை மூடிக்கொண்டு இருங்கள். அது அவர்கள் இருவருடைய விஷயம்.

இதை அத்தையிடம் படித்துக் காட்டு. கோபப்படுவார். படட்டும். ஆறின பிறகு, சாயங்காலமாகப் பக்கத்தில் உட்கார்ந்து, சின்ன வயதில் அவரை அவருடைய அம்மா என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார் என்று கேள்.