பல மாறி நுண்கணித வகுப்பில் சேரலாமா?

வணக்கம். ஒரு மாறி நுண்கணிதத்தை இரண்டு ஆண்டுகளுக்கு முன் நல்ல மதிப்பெண்ணுடன் முடித்தும், தொகையிடல் உத்திகளும் முடிவிலாத் தொடர்களும் மறந்துவிட்டதால் பல மாறி நுண்கணிதத்தில் சேரத் தயங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். தொடர்களைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்பட வேண்டாம். அவை அந்த வகுப்பில் பெரும்பாலும் தலைகாட்டுவதில்லை. தொகையிடலிலும் பிரதியிடலும் பகுதித் தொகையிடலும் கைக்கு வந்தால் பெரும்பாலும் போதும்.

ஒரு சார்புக்குள் இன்னொரு சார்பு இருக்கும்போது வகையிட உதவும் சங்கிலி விதிதான் வேறு. அதை யோசிக்காமல் செய்ய வராவிட்டால், பகுதி வகைக்கெழுக்கள் (மற்ற மாறிகளை மாறாமல் வைத்து ஒரு மாறியைப் பொறுத்து மட்டும் வகையிடுவது) தொடங்கிய உடனேயே திணற நேரிடும்.

என் அனுபவத்தில், மாணவர்கள் தடுமாறுவது வகையிடுவதில் அன்று, வடிவத்தை மனக்கண்ணில் காண்பதில்தான். (0,0), (1,0), (1,1) ஆகிய புள்ளிகளை இணைக்கும் முக்கோணத்தைத் தாளில் வரைந்து, அதைச் செங்குத்துக் கீற்றுகளாக வெட்டினால் ஒவ்வொரு கீற்றும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றும், கிடைக் கீற்றுகளாக வெட்டினால் அந்த எல்லைகள் எப்படி மாறுகின்றன என்றும் எழுதிப் பாருங்கள். ஒரு பரப்பின் மீது இரண்டு மாறிகளிலும் அடுத்தடுத்துத் தொகையிடும் இரட்டைத் தொகையிடலில் வரிசையை மாற்றுவது என்பது முழுக்க இதுவே. அடுத்து, (1,0,0), (0,1,0), (0,0,1) வழியாகச் செல்லும் தளத்துக்குச் செங்குத்தான வெக்டரைக் கண்டுபிடியுங்கள். இதற்கு உதவும் வெக்டர் பெருக்கலை (இரண்டு வெக்டர்களுக்கும் செங்குத்தான வெக்டரைத் தரும் பெருக்கல்) இதுவரை படித்ததில்லை என்றாலும் பரவாயில்லை, பல கல்லூரிகளில் முதல் வாரங்களில் அதையே கற்பிக்கிறார்கள்.

முக்கோணக் கணக்கு பிடிபட்டு, சங்கிலி விதியில் பத்துக் கணக்குகளைப் பிழையின்றி முடிக்க முடிந்தால், தயங்காமல் சேருங்கள். சங்கிலி விதியில் பாதிக்கு மேல் தவறினால், வகுப்பு தொடங்கும் முன் மூன்று வாரங்களை அதற்கே ஒதுக்குங்கள்.