வாசகர் கேள்வி பதில்: கலிங்கின் கீழே விழும் பள்ளம்

கேள்வி: எங்கள் ஏரியின் மிகைநீர் வெளியேறும் கலிங்கில் வழிந்து விழும் தண்ணீர் கீழேயுள்ள ஓடையை ஆண்டுதோறும் அரித்துவிடுகிறது. சிமென்ட் தளம் போட்டோம். அடுத்த மழையிலேயே தளம் முடியும் இடத்தில் ஆளுயரப் பள்ளம் விழுந்துவிட்டது. தளத்தை இன்னும் நீட்டலாமா?

பதில்: வெறுமனே நீட்டினால் பள்ளம் இடம் மாறுமே தவிர மறையாது. ஏறத்தாழ மூன்றேகால் மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீர், அடியைத் தொடும்போது விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் இருக்கும். வழவழப்பான தளம் அந்த வேகத்தை அதிகம் தடுப்பதில்லை. தளம் தாங்கிக்கொண்ட வேகம் முழுவதும் அதன் விளிம்பில் உள்ள மண்ணின்மேல் இறங்குகிறது. ஆகவே நீரின் வேகத்தைத் தளத்துக்குள்ளேயே அடக்க வேண்டும்.

அதற்கு வழி, பொறியாளர்கள் ‘ஹைட்ராலிக் ஜம்ப்’ என்று சொல்லும் நீர்த்தாவல். 20 செ.மீ. கனத்தில் 8 மீட்டர் வேகத்தில் பாயும் நீருக்கு எதிரே சுமார் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு நீர் தேங்கி நின்றால், பாய்ந்து வரும் நீர் சட்டென மேலெழும்பி, நுரைத்துச் சுருண்டு, விநாடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வேகத்தில் அமைதியாக வெளியேறும். அதன் ஆற்றலில் பாதிக்குமேல் அந்தக் கொந்தளிப்பிலேயே தீர்ந்துபோகும். எதிரே போதிய ஆழம் இல்லையென்றால் தாவல் தளத்தைத் தாண்டிப் போய் மண்ணில் நிகழும். உங்கள் ஓடையிலும் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

எனவே தளத்தை ஓடையின் மட்டத்துக்குக் கீழே இறக்கித் தொட்டிபோல் கட்டி, முடிவில் ஒரு குறுக்குத் திண்டு எழுப்ப வேண்டும். தொட்டியின் நீளம் தேங்கும் ஆழத்தைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு, அதாவது இங்கே 9 மீட்டர் தேவைப்படும். நடுவில் கான்கிரீட் தடுப்புக் கட்டைகளை வரிசையாக நட்டால் நீளம் கணிசமாகக் குறையும். தளத்தின் கடைசியில் மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் சுவர் ஒன்றும் அவசியம். அது இல்லாவிட்டால் அடிமண் பறிந்து நல்ல தளமும் உடையும். அதற்கு அப்பால் கான்கிரீட் வேண்டாம், பெரிய கருங்கற்களைப் பரப்புங்கள். அவற்றின் அடியில் சரளை விரிக்காவிட்டால் கல் இடுக்கு வழியே மண் வெளியேறிக் கற்கள் புதைந்துபோகும்.

பழைய கலிங்குகள் சிலவற்றில் படிப்படியாக இறங்கும் கல்தளத்தைக் காணலாம். ஒவ்வொரு படியிலும் நீர் மோதி வேகத்தை இழப்பதற்காகவே அப்படி அமைத்தார்கள். பழுதுபார்க்கும்போது அந்தப் படிகளைச் சிமென்ட் பூசிச் சரிவாக்கிவிடுவது பெருந்தவறு.

கேள்வி: செங்குத்தாக இறங்கும் வாய்க்காலில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கற்களைப் போட்டால் போதாதா?

பதில்: போதாது. நீர் கற்களைச் சுற்றிக்கொண்டு கரையை அறுக்கும். சரிவைக் குறைத்து, மிச்சமாகும் உயரத்தைச் சிறு சிறு வீழ்ச்சிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் அடியிலும் தொட்டி கட்டுங்கள். வீழ்ச்சிச் சுவரை இரு கரைகளுக்குள்ளும் நன்றாக நுழைத்துக் கட்டுங்கள்.