பிள்ளைக்கு முதல் ரேஸ் பைக்: கேளுங்கள், சொல்கிறேன்

கோவையில் ரேஸ் மெக்கானிக்காக இருந்து, இப்போது பிள்ளைகளுக்கு கார்ட் டிராக்கில் (கோ-கார்ட் ஓடும் சின்ன டிராக்) மினி பைக் பயிற்சி கொடுக்கிறேன். முதல் வண்டி பற்றி எதுவானாலும் கேட்கலாம்.

ஓசூர் அப்பா: மகனுக்கு 7 வயது. சைக்கிள் நன்றாக ஓட்டுவான். ரேஸ் பைக் வேண்டும் என்று தினமும் கேட்கிறான். எது வாங்கலாம் சார்?

வயதை விட்டுவிடுங்கள், அளவு எடுங்கள். செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நிற்கவைத்து, கால்களுக்கு நடுவே ஒரு கெட்டி அட்டை நோட்டை மேலே முட்டும்வரை ஏற்றுங்கள். தரையிலிருந்து நோட்டின் மேல் விளிம்புவரை எத்தனை சென்டிமீட்டர்? வண்டியின் சீட் உயரம் அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதியணும். யமஹா பிடபிள்யூ50 சீட் சுமார் 48 செ.மீ., ஹோண்டா சிஆர்எஃப்50 சுமார் 55, கவாசாகி கேஎல்எக்ஸ்110 சுமார் 68.

அடுத்து கை. போன மாதம் 8 வயதுப் பெண் குழந்தை ஒருத்தி பயிற்சிக்கு வந்தாள். வெறுங்கையில் பிரேக் லீவர் எட்டியது. கையுறை போட்டதும் விரல் நுனி மட்டும்தான் பட்டது. லீவர் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவை இரண்டு சுற்று உள்ளே திருப்பினேன். லீவர் கைப்பிடிப் பக்கம் நெருங்கி வந்தது, விரலின் இரண்டாவது கணு வளைந்து பிடித்தது. அதற்கப்புறம்தான் வண்டியை ஸ்டார்ட் செய்தேன். கடையில் பார்க்கும்போதும் கையுறையோடுதான் பார்க்க வேண்டும்.

இத்தாலியில் பிள்ளைகள் ஏறும் மினிமோட்டோ தார் டிராக்குக்கென்றே செய்த வண்டி. 6.5 அங்குலச் சக்கரம், 40 சிசி அளவில் டூ ஸ்ட்ரோக், கியர் இல்லை, சஸ்பென்ஷனும் இல்லை. பைக் பந்தய உலகச் சாம்பியன் வாலன்டினோ ரோஸி இதில்தான் வளர்ந்தார். ஆனால் உங்கள் பையன் முதல் ஆறு மாதம் மண்ணில் ஓட்டட்டும் என்பேன். பிடபிள்யூ50-இல் கியர் கிடையாது, இரண்டு பிரேக்கும் சைக்கிள் மாதிரி கையிலேயே இருக்கும், ஆக்சிலேட்டர் எவ்வளவு திரும்பலாம் என்று ஒரு ஸ்க்ரூவில் கட்டுப்படுத்தலாம். மண்ணில் விழுந்தால் முழங்கையில் சிராய்ப்போடு எழுந்து வருவான். அளவு எடுத்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

சேலம்: பையனுக்கு 9 வயது. கொஞ்சம் பெரிய வண்டியாக வாங்கினால் 14 வயதுவரை ஓட்டுவான் அல்லவா?

வேண்டாம். தீபாவளிச் சட்டையை வளரும் பிள்ளை என்று பெரிதாகத் தைக்கலாம், வண்டியை அப்படி வாங்கக் கூடாது. நுனிக்காலில் நிற்கும் பிள்ளைக்கு வண்டியை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் பயம். அந்தப் பயத்தில் வளைவில் வண்டியைச் சாய்க்கவே மாட்டான். உடம்பை விறைப்பாக வைத்து ஹேண்டிலைத் திருப்பியே ஓட்டுவான், அந்தப் பழக்கத்தை மாற்ற எனக்கு ஒரு வருடம் ஆகும். இன்றைய உயரத்துக்கு வாங்குங்கள், ஒன்றரை வருடத்தில் விற்றுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

சென்னை, அம்மா: மகளுக்கு 10 வயது, ஓராண்டாக ஓட்டுகிறாள். மினிஜிபி பற்றி நினைக்கிறோம். கியர் வண்டி இப்போதே தேவையா?

சரியான வயதில் கேட்கிறீர்கள் அம்மா. சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு (எஃப்ஐஎம்) பிள்ளைகளுக்காக நடத்தும் மினிஜிபி பந்தயத் தொடர் 2021-இல் தொடங்கியது, அடுத்த ஆண்டே இந்தியாவுக்கு வந்தது. 10 முதல் 14 வயதுவரை, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வண்டி: இத்தாலியின் ஓவாலே ஜிபி-0 160. 10 அங்குலச் சக்கரம், 4 கியர். ஆகவே கியர் பழக வேண்டியதுதான், ஆனால் அதே வண்டியை உடனே வாங்கத் தேவையில்லை. ஒரு பயிற்சி முகாமில் வாடகை வண்டியில் ஒரு நாள் முழுக்க ஓட்டட்டும். மாலையில் தானாகவே "இன்னும் ஒரு ரவுண்டு" என்கிறாளா, நீங்கள் கேட்பதால் ஏறுகிறாளா என்று பாருங்கள். அதைப் பொறுத்து முடிவு எடுங்கள்.

திருநெல்வேலி: ஆன்லைனில் 49 சிசி பாக்கெட் பைக் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பெயர் தெரியாத வண்டிகளை நான் பரிந்துரைப்பதில்லை. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், இன்ஜினை அணைத்துவிட்டு ஆக்சிலேட்டரை முழுசாக முறுக்கி விடுங்கள். டக்கென்று திரும்ப வேண்டும். ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பி வைத்து அதையே செய்யுங்கள். ஒரு தடவை மெதுவாகத் திரும்பினாலும் பிள்ளையை ஏற்றாதீர்கள். என் கண்ணெதிரே ஆக்சிலேட்டர் சிக்கிய வண்டி டயர் அடுக்கிய தடுப்புச் சுவரில் போய் முட்டியது. மணிக்கட்டில் கட்டும் கயிறோடு வரும் கில் சுவிட்ச் (பிள்ளை விழுந்தால் இன்ஜினை அணைப்பது) கட்டாயம். செயினுக்கு முழு மூடி இருக்கிறதா என்றும் பாருங்கள், குழந்தை விரல் எங்கும் நுழையும்.

திருச்சி: அண்ணே, இவ்வளவு செலவு எதுக்கு? வீட்டில் அப்பாவோட ஆர்எக்ஸ்100 நிற்கிறது. நாமெல்லாம் அதில்தானே பழகினோம். பையனுக்கு 10 வயது, 28 கிலோ. சீட்டைக் குறைத்துக் கொடுத்தால் போதாதா?

போதாது தம்பி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆர்எக்ஸ்100 சுமார் 100 கிலோ, பையனைப் போல மூன்றரை மடங்கு. 70 கிலோ ஆள் 250 கிலோ வண்டியில் முதல்முறை ஏறுவதும் இதுவும் ஒன்று. சீட்டைக் குறைக்கலாம், எடையை என்ன செய்வீர்கள்? விழுந்தால் கால் அடியில் மாட்டும். 11 குதிரைத் திறன் வேறு, முன்னால் டிரம் பிரேக்.

பொள்ளாச்சி: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். திருச்சிக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் பழகிய கைக்குத்தான் ஆக்சிலேட்டர் கட்டுப்பாடு வரும். ரோஸி 125, 250, 500 சிசி மூன்று பிரிவிலும் பட்டம் வென்றது டூ ஸ்ட்ரோக்கில்தானே?

ஆமாம், 1997, 1999, 2001. எல்லாம் டூ ஸ்ட்ரோக். ஆனால் அவர் சிறுவயதில் ஏறியது முழங்கால் உயர மினிமோட்டோ, அப்பாவின் வண்டி அல்ல. அப்புறம், அந்தப் பாதையே மாறிவிட்டது. 2012-இல் உலகப் பந்தயத்தில் 125 சிசி பிரிவு போய் மோட்டோ3 பிரிவு வந்தது, அது ஃபோர் ஸ்ட்ரோக். மினிஜிபியும் ஃபோர் ஸ்ட்ரோக்தான். டூ ஸ்ட்ரோக் கெடுதல் என்று நான் சொல்லவில்லை, பிடபிள்யூ50-யும் டூ ஸ்ட்ரோக்தான். எடையும் உயரமும் பிள்ளைக்குப் பொருந்த வேண்டும், அவ்வளவே.

திருச்சி: அப்படியென்றால் அந்த வண்டி சும்மா நிற்க வேண்டியதுதானா? மனசு கேட்கவில்லை அண்ணே.

சும்மா ஏன் நிற்கணும்? பையனை உட்காரவைத்து கார்ப்பரேட்டரைக் கழற்றிக் காட்டுங்கள். பெட்ரோல் பாயும் சின்னத் துண்டான ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்து அந்த ஊசித் துளையைப் பார்க்கச் சொல்லுங்கள். பிளக் மாற்ற, செயின் தளர்வு பார்க்க அதில் பழகட்டும். என்னிடம் வருபவர்களில் வண்டியைத் துடைத்துப் பழகிய பிள்ளை எங்கே சத்தம் மாறுகிறது என்று சீக்கிரம் கண்டுபிடிக்கிறது. 18 வயதில் லைசென்ஸ் எடுத்ததும் சாவியைக் கொடுங்கள்.

பொள்ளாச்சி: மடங்குக் கணக்கு சரிதான், ஒப்புக்கொள்கிறேன். டூ ஸ்ட்ரோக் சத்தம்தான் அழகு, அதில் மட்டும் என் கட்சி மாறாது!

அந்தச் சத்தம் எனக்கும் பிடிக்கும்.

மதுரை: ஞாயிறு காலையில் காலியான ரோட்டில் பழக்கலாமா?

கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவு: பெற்றோருக்கு 3 ஆண்டுவரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். பிள்ளைக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது. மினி பைக் டிராக்குக்கு மட்டும்.

வேலூர்: 8 வயதுக்கு 125 சிசி வாங்கினால் நாளைக்கும் உதவுமே?

சேலத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஈரோடு: ஹெல்மெட், உடைகள் எல்லாம் என்ன வாங்குவது?

வண்டிக்கு முன் இதற்குத்தான் பணம் ஒதுக்க வேண்டும். புருவத்துக்கு மேலே டேப் வைத்துத் தலைச் சுற்றளவு எடுங்கள். ஹெல்மெட் போட்டு அசைத்தால் கன்னத்துத் தோலும் சேர்ந்து நகர வேண்டும், ஹெல்மெட் மட்டும் சுழன்றால் அது பெரிது. குழந்தைக் கழுத்துக்குப் பாரம் ஆகாத எடை குறைந்த ஹெல்மெட்டாகப் பாருங்கள். ஒரே துண்டான தோல் சூட், முதுகுக்கு இஎன் 1621-2 (ஐரோப்பியத் தரம்) முத்திரையுள்ள காப்பு, மார்புக்குத் தனிக் காப்பு, கணுக்காலை மூடும் பூட்ஸ். இதிலும் ஒரு சைஸ் பெரிதாக வாங்காதீர்கள். தொளதொள சூட்டில் முழங்கைக் காப்பு விழும்போது நகர்ந்துவிடும்.

கோவை, அம்மா: கணவரும் மகனும் ஆசைப்படுகிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. உண்மையைச் சொல்லுங்கள் அண்ணா.

உங்கள் பயம் நியாயமானது அம்மா. 2023 ஆகஸ்டில் சென்னை டிராக்கில் 13 வயதுப் பையன் பந்தயத்தில் விழுந்து இறந்துபோனான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுவாரம் என்னிடம் வரும் ஒவ்வொரு பெற்றோரிடமும் தனித்தனியாகப் பேசினேன். ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கார்ட் டிராக்கில் வேகம் குறைவு, நேர்ப்பாதை குட்டை, அதனால்தான் பிள்ளைகளை அங்கேயே நிறுத்துகிறேன். சென்னையின் 3.7 கி.மீ. பெரிய டிராக்குக்கு அவசரமாக அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுவேன். ஒரு நாள் பயிற்சிக்கு நீங்களும் வாருங்கள். ஆம்புலன்ஸ் நிற்கிறதா, விழுந்த பிள்ளையிடம் பயிற்சியாளர் முதலில் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். வேண்டாம் என்று தோன்றினால் அதுதான் முடிவு.

கரூர்: சார், 11 வயது, உயரம் கம்மி. வளர்ந்துவிடுவான் என்று பெரிய வண்டி…

இது மூன்றாவது முறை. வளர்ந்த பிறகு வாங்குங்கள். இந்தக் கேள்விக்கு இனி பதில் எழுத மாட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஓசூர் அப்பா: சார், அளவு எடுத்தோம். 52 செ.மீ. நோட்டை வைத்ததும் சிரித்துவிட்டான், மூன்று முறை எடுக்க வேண்டியிருந்தது.

அப்படியானால் பிடபிள்யூ50 பொருந்தும், பூட்ஸ் போட்டால் இன்னும் வசதி. சிஆர்எஃப்50-க்கு இன்னும் சில மாதம் வளரணும். பழைய வண்டியாகத்தான் கிடைக்கும், அதனால் பார்க்கப் போகும்போது கையுறை, பூட்ஸ் இரண்டையும் பையில் எடுத்துப் போங்கள். ஆக்சிலேட்டர் ஸ்க்ரூ துருப்பிடித்து இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். முதல் நாள் அதைக் கிட்டத்தட்ட முழுசாக உள்ளே திருப்பி வையுங்கள், நீங்கள் பக்கத்திலேயே நடக்கும் வேகத்தில் ஓட்டட்டும்.