சில நாள் 3 மணி நேரம், சில நாள் 12 மணி நேரம்: தூக்கத்தைச் சீராக்க முடியுமா?

சில இரவுகளில் 3 மணி நேரம்கூடத் தூங்க முடிவதில்லை என்றும், அடுத்த நாளே 12 மணி நேரம் தூங்கிவிடுவதாகவும் எழுதி, இதைச் சரிசெய்ய வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் பகல், அரை நைட், முழு நைட் என்று வாரத்துக்கு ஒரு ஷிப்டாக 9 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். உண்டு என்றே சொல்வேன்.

முழு நைட் முடிந்து காலை 8 மணிக்குப் படுத்தால், ஜன்னலில் என் மனைவி கனத்த போர்வையைக் கட்டி வெளிச்சத்தை மறைத்திருந்தாலும், 11 மணிக்கெல்லாம் விழிப்பு வந்துவிடும். அந்தக் குறையை எல்லாம் சேர்த்து வைத்து விடுமுறை நாளில் பொழுது சாயும்வரை தூங்குவேன். பின்னர் நிரந்தரமாகப் பகல் வேலைக்கு மாற்றினார்கள். ஷிப்ட் போயிற்றே தவிர, இந்தப் பழக்கம் போகவில்லை.

தூக்க மாத்திரை கேட்டுத்தான் மருத்துவரிடம் போனேன். அவரோ, படுத்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வரச் சொன்னார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கே புரிந்தது: நான் நெடுநேரம் தூங்கிய ஒவ்வொரு நாளுக்கும் அடுத்து ஒரு தூங்காத இரவு இருந்தது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்து தூக்கத்தை வரவழைக்கிறது. தூங்கத் தூங்க அது குறைகிறது. நண்பகல்வரை தூங்கியவனுக்கு இரவு 10 மணிக்குள் அது போதிய அளவு சேர்ந்திருக்காது. காலை வெளிச்சம் கண்ணில் படாததால் உடலுக்குள் இருக்கும் கடிகாரமும் பின்தங்கிப் போயிருக்கும்.

ஆகவே படுக்கும் நேரத்தை விட்டுவிட்டு, எழும் நேரத்தைப் பிடித்துக்கொண்டேன். இரவு எப்படிக் கழிந்திருந்தாலும், ஞாயிற்றுக்கிழமையானாலும், 5.45க்கு எழுந்து வாசலுக்கு வந்துவிடுவேன். பகலில் தாங்க முடியாவிட்டால் 3 மணிக்கு முன்பாக 20 நிமிடம் மட்டும் கண்ணயர்வேன். தேநீரில் உள்ள காஃபின் அடினோசினின் வேலையைத் தடுப்பது. 5 மணி நேரம் கழித்தும் ஏறக்குறையப் பாதி உடலில் தங்கியிருக்கும் என்பதால், ஆலையில் பழகிய மாலைத் தேநீரையும் நிறுத்தினேன். முதல் 10 நாள்கள் மிகவும் கடினமாக இருந்தன. அந்நாள்களில் தயவுசெய்து இருசக்கர வாகனம் ஓட்டாதீர்கள். மூன்றாவது வாரத்தில் இரவு 10 மணிக்குத் தானாகவே கண் சொக்கத் தொடங்கியது.

ஆனால் எல்லோருடைய தூக்கக் கேடும் பழக்கத்தால் வருவதன்று. மிகக் குறைவாகத் தூங்கியும் களைப்பே இல்லாமல் பரபரப்பாக இருந்து, பிறகு எதிலும் மனம் ஒட்டாமல் படுத்தே கிடக்கிறீர்கள் என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். குறட்டைக்கு இடையே மூச்சு நின்று திணறுவதாக வீட்டார் சொன்னாலும் பரிசோதனை அவசியம். போகும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். ‘தூக்கம் சரியில்லை’ என்று வாயால் சொல்வதைவிட அந்த இரண்டு வாரக் குறிப்பு மருத்துவருக்கு அதிகம் உதவும்.