பழைய ஓட்டு வீட்டுச் சுவரில் கான்கிரீட் போடலாமா?

கேள்வி: திருமங்கலம் பக்கம் கிராமத்தில் தாத்தா கட்டிய ஓட்டு வீடு இருக்கிறது. மண் சாந்தில் எழுப்பிய ஒன்றரை அடிச் செங்கல் சுவர், சீமை ஓடு. ஓட்டைப் பிரித்து அதே சுவரில் கான்கிரீட் போட்டு, பின்பக்கம் இரண்டு படுக்கையறையும் குளியலறையும் சேர்த்துவிடலாம் என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா?

பதில்: பின்பக்கம் தாராளமாகக் கட்டுங்கள். பழைய சுவரில் கான்கிரீட் மட்டும் வேண்டாம். சட்டம், ரீப்பர் எல்லாம் சேர்த்தாலும் சீமை ஓட்டுக் கூரை சதுர அடிக்குப் பத்துக் கிலோவைத் தாண்டாது. 5 அங்குலக் கான்கிரீட் மட்டுமே 29 கிலோ வரும். தட்டோடு பதித்தால் இன்னும் ஏறும். சுவர்தான் தடிமனாக இருக்கிறதே என்பார் மேஸ்திரி. இருக்கட்டும், செங்கல்லைப் பிடித்திருப்பது மண்தானே!

அதைவிட என் கவலை அடியில் இருக்கும் மண். உங்கள் வட்டாரத்தில் கரிசல் அதிகம். சித்திரை வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், ஐப்பசி மழையில் ஊறி உப்பும். பழைய சுவர் இறங்க வேண்டிய அளவு இறங்கி நின்றிருக்கும். புதுச் சுவர் இனிமேல்தான் இறங்கும். இரண்டையும் கோத்துக் கட்டினால் சேருமிடத்தில் விரிசல் ஓடும். எத்தனை முறை பூசினாலும் அடுத்த கோடையில் திரும்பவும் தெரியும்.

அதனால் பழைய பின்சுவரிலிருந்து 4 அடி தள்ளி, புது அறைகளைத் தனி அஸ்திவாரத்தில் எழுப்புங்கள். குழி தோண்டிப் பாருங்கள். கரிசல் ஆழமாகப் போனால், அடியில் குமிழாக விரியும் பைல், அதாவது மண்ணுக்குள் ஆழமாகத் துளையிட்டு வார்க்கும் கான்கிரீட் தூண், நல்லது. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய முறை அது. பழையதையும் புதியதையும் இணைக்க இடையில் ஒரு நடைவழி போதும். நடைச்சுவர் பழைய சுவரைத் தொடாமல் ஓர் அங்குலம் விட்டு, தெர்மோகோல் வைத்து, மேலே அலுமினியப் பட்டையால் மூடுங்கள். பட்டையை ஒரு பக்கம் மட்டும் முடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் முடுக்கினால் பிய்த்துக்கொள்ளும்.

மீதி இடம் சின்ன முற்றம். வெளிச்சத்துக்கு வெளிச்சம், ஓட்டுத் தண்ணீர் விழவும் இடம். ஆனால் தளம் போட்டு வாட்டம் கொடுத்து, தண்ணீரைச் சுவரை விட்டுத் தள்ளியிருக்கும் மழைநீர்த் தொட்டிக்குக் கொண்டுபோங்கள். கரிசலில் அஸ்திவாரத்தை ஒட்டித் தண்ணீர் நின்றால் அத்தனை வேலையும் வீண். குளியலறை, சமையலறை இரண்டும் புதுப் பகுதிக்கே போகட்டும்.

பழைய பகுதிக்குச் சிமென்ட் பூச்சும் வேண்டாம். ஓதம் உள்ளேயே அடைபட்டு, பூச்சு பொரிந்து விழும். சுண்ணாம்பு பூசத் தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள், இன்னும் இருக்கிறார்கள். மரச் சட்டம் சுவருக்குள் நுழையும் முனையை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். பொதபொதவென்று இறங்கினால் கரையானோ ஈரமோ தின்றிருக்கிறது, மாற்றிவிடுங்கள்.

அப்புறம், கூலி விஷயம். புதுக் கட்டடத்தைச் சதுர அடிக் கணக்கில் பேசலாம். பழையதைத் தினக்கூலிக்கு விடுங்கள். பிரித்துப் பார்க்காமல் அந்த வேலைக்கு யாரும் விலை சொல்ல முடியாது.